செத்துவிட்டதாகச் சொன்ன ஹுசைன் பீ

மனநல மருத்துவம் படித்து முடித்த வேதநாயகி, வயதானவர்களுக்குத்தான் வைத்தியம் பார்ப்பேன் என்றபோது சென்னையில் கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள்.

"சுடுகாட்டுக்குப் போற வழியில கிளினிக் வெக்கப் போறியா?" என்றான் ஒருவன்.

"வழியில மறிச்சுத் திருப்பி அனுப்பத்தான்" என்று சொல்லிவிட்டுச் சொந்த ஊரான செஞ்சிக்கு பஸ் ஏறினாள். அது எண்பத்து நான்காம் வருஷம். ஊரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது.

அந்த ஐப்பசியில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை வியாபாரம் செய்யும் நூருல்லா தன் தாய் ஹுசைன் பீயைக் கொண்டுவந்து சேர்த்தார். எழுபதைத் தாண்டியவள். வீட்டையே ஆட்டிவைத்த மனுஷி, நோன்புப் பெருநாளுக்குப் பிறகு மெல்லப் பேச்சை நிறுத்தி, கடைசியில் சோற்றையும் நிறுத்திவிட்டாள். பார்த்த டாக்டர்கள் வயசுக்கோளாறு என்று கைவிரித்தார்கள். வீட்டில் உடலைப் போர்த்தி அடக்கம் செய்யக் கபன் துணிகூட வாங்கியாகிவிட்டது.

"ஏம்மா சாப்பிட மாட்டேன்றீங்க?" என்று வேதநாயகி குனிந்து கேட்டாள்.

"கொடலெல்லாம் அழுவிப் போச்சு. நான் செத்து நாளாவுது. பொணத்துக்கு இன்னாத்துக்குக் கஞ்சி?"

கடை சாத்தியாகிவிட்டது என்பதுபோல அவள் அதைச் சொன்னாள். வேதநாயகிக்கு நோய் பிடிபட்டது. இது மூப்பு இல்லை. முற்றிப்போன மனச்சோர்வு. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்காகும்; அதுவரை இந்த உடம்பு தாங்காது. தலையில் லேசாக மின்சாரம் பாய்ச்சும் கரண்ட் வைத்தியம் ஒன்றே வழி.

அவள் அதைச் சொன்னதும் நூருல்லாவின் முகம் வெளுத்தது. "நிம்மதியாப் போவட்டும் டாக்டரம்மா. வதைக்காதீங்க."

"பட்டினி கெடந்து போறது நிம்மதியா பாய்? மயக்கம் குடுத்துத்தான் செய்வோம், வலிக்காது. கொஞ்ச நாளைக்கு ஞாபகம் மங்கும். ஆபத்தே இல்லன்னும் சொல்ல மாட்டேன். ஆனா வுட்டுட்டா பொழைக்க மாட்டாங்க."

தலைமை டாக்டர் ஆதிநாராயணன் அவளைத் தனியே அழைத்தார். "ஏதாவது ஆச்சுன்னா ஊரே நம்ம வாசல்ல நிக்கும். அந்தம்மா இன்னும் எத்தினி வருஷம் இருக்கப் போறாங்க?"

"முப்பது வயசுப் பொண்ணுக்கு இது வந்திருந்தா இப்படிக் கேப்பீங்களா சார்?"

"பழி என் தலையில விழக்கூடாது."

"என் தலையில விழட்டும். மயக்க டாக்டரை மட்டும் வரச் சொல்லுங்க."

மறுநாள் நூருல்லா வந்து, "செய்ங்க" என்று மட்டும் சொன்னார். வேதநாயகி கிழவியின் இதயத்தைச் சோதித்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்கினாள். முதல் தடவை மாற்றமில்லை. அடுத்ததிலும் இல்லை. கிழவிக்கு ஷாக் வைத்துக் கொல்கிறாள் என்று பஜாரில் பேச்சு பரவியது. தன் துணிக்கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள் என்று அவளுடைய அப்பா புலம்பினார்.

"கேக்கறவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பு நைனா. நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். அவளுக்கும் பயம்தான்; ஆனாலும் வைத்தியத்தை நிறுத்தவில்லை.

நான்காவது தடவைக்குப் பிறகு ஹுசைன் பீ ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கி முகத்தைச் சுளித்தாள். "உப்பே இல்ல. யாரு காச்சினது இத?"

நூருல்லா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஹுசைன் பீ தேறி வீட்டுக்குப் போன அன்று ஆதிநாராயணன் சொன்னார்: "ஏதோ நல்லபடியா முடிஞ்சுது. இத்தோட போதும்மா."

"சிங்கவரத்துலேந்து ரெண்டு பேர் வந்து உக்காந்திருக்காங்க சார். ரெண்டு பேருமே எழுபதுக்கு மேலதான்" என்று சொல்லிவிட்டு வேதநாயகி அவர்களைப் பார்க்கப் போனாள்.