தகுந்த அளவு

1

இதனால் சகல தேசத்து மக்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: பின்வரும் கதையின் மீது எனக்கிருந்த அத்தனை உரிமைகளையும், மனிதகுலத்தின் நலன் ஒன்றையே கருதி, இந்த வரியோடு விட்டுக்கொடுக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தங்கள் பெயரில் போட்டுக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். (இதுவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். கேட்காததைக் கொடுப்பவன்தானே வள்ளல்.)

இந்த நடை என்னுடையதல்ல. தொற்று உச்சத்தில் இருந்தபோது ஒரு பெரிய மருந்துக் கம்பெனியின் தலைவர் தொலைக்காட்சியில் இப்படித்தான் கண் கலங்கினார். நுரையீரலைக் காப்பாற்றும் தங்கள் ஊசியின் காப்புரிமையை உலகத்துக்கே திறந்துவிட்டதாகச் சொன்னார். அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன், பொய் சொல்வானேன்.

அப்புறம் அந்த ஆவணத்தைப் படித்தேன். 'தகுந்த வெப்பநிலையில், தகுந்த கலத்தில், தகுந்த வேகத்தில் கலக்கவும்.' சமையல் குறிப்பில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதுகிறவர்களை இனிமேல் திட்ட மாட்டேன். அவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

கதை அந்த இடத்தில் பிறந்தது. எப்படித் தொடங்குவது என்பதில்தான் திணறிப்போனேன்.

2

[முதல் தொடக்கம்] "உலகமே ஒரு குடும்பம் என்பதை அந்தக் கொடிய காலம் நமக்கு…" வேண்டாம். குடும்பம் என்றால் சொத்துத் தகராறு வரும்.

[இரண்டாவது] "அவள் விழிகளில் மனிதகுலத்தின் வலி மொத்தமும்…" பொய். அவள் விழிகளே தெரியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது.

மூன்றாவது நிற்கிறது. ஒரு சின்ன மருந்துத் தொழிற்சாலை. அதில் கலவை அறை. அந்த அறையின் தலைவியை முதலாளி உட்பட எல்லோரும் அக்கா என்கிறார்கள்.* நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அக்காவின் புருஷன் பஸ் டிரைவர். இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கிறார். டாக்டர் சொன்னது இது: "அந்த ஊசி சீக்கிரம் கிடைச்சா மூச்சு திரும்பிடும்மா. கிடைக்கலைன்னா…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கும் முடிக்க வரவில்லை.

ஊசியைத் தயாரிக்க அக்காவுக்கு முழு அனுமதி இருக்கிறது. தயாரிக்கத்தான் வரவில்லை. மருந்தையும் கொழுப்புக் கரைசலையும் சேர்த்தால் ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்துவிடுகிறது. இந்த நிலைமையில் போன் வருகிறது.

"என்னடி, பஸ் கிளம்பிடுச்சா?" முகமூடிக்குள்ளிருந்து டிரைவர்.

"டயர் மாட்டிட்டிருக்கேன். பேசாம படுங்க."

"டிரைவரையே ஸ்டாப்புல நிக்க வச்சிட்டியேடி…"

இருமல் வந்தது. அது நிற்கும் முன்பே லைன் நின்றுவிட்டது.

* முதலாளி அவளைவிட மூத்தவர். எங்கள் மொழியில் அக்கா என்பது பல நேரம் வயதல்ல, பயம்.

3

கம்பெனி பெருந்தன்மையின் அடுத்த படிக்கும் போனது. தங்கள் நிபுணர் ஒருவர் வீடியோவில் 'ஐயங்களைத் தீர்ப்பார்' என்று அறிவித்தது. அவர் பக்கத்தில் ஒரு வக்கீலையும் உட்கார வைத்தது. ஆவணத்தில் இல்லாத எதையும் நிபுணர் சொல்லிவிடக் கூடாதே.

(இரண்டு தேசத்துக்காரர்கள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள். என் கதைக்குள் வருகிறவர்கள் பாஸ்போர்ட்டை வாசலில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.)

கலவை அறையில் முதலாளியே மடிக்கணினியை ஏந்தி நின்றார். திரையில் இரண்டு முகங்கள்.

"சூடு எவ்வளவு வைக்கணும் சார்?"

"தகுந்த அளவு," என்றார் நிபுணர், வக்கீலை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"எவ்வளவு வேகமா ஊத்தணும்?"

"தகுந்த வேகத்தில்."

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

"ம்… தகுந்த வயசுல ஆச்சு."

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி சார், நீங்க சும்மா உக்காந்திருங்க. எனக்கு வேலை கெடக்கு." திரும்பினாள். கொழுப்புக் கரைசலைத் தூக்கினாள். இருந்த கோபத்தில் கலத்தின் நட்ட நடுவில் கவிழ்க்கப் போனாள்.

"ஐயய்யோ! நடுவுல ஊத்தாதீங்கம்மா! ஓரமா, சுவரோட ஒட்டி ஊத்துங்க! திரிஞ்சிடும்!"

கத்தியது நிபுணர். முதலாளி துள்ளியதில் திரை ஆடியது.

"இதெல்லாம் நீங்க சொல்லக் கூடாது சார்," என்றார் வக்கீல்.

"நான் எங்க சொன்னேன்? அலறினேன்."

வக்கீல் ரகசிய ஒப்பந்தத்தைப் புரட்டினார். அலறலைப் பற்றி அதில் எந்த விதியும் இல்லை.

வாசகரே, இதை எழுதும்போது நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. ஏனென்றால் அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் மெதுவாக நடந்துபோய், நிபுணரின் கண்ணெதிரே, குளிர்பெட்டியிலிருந்து மருந்துக் கரைசலைச் சில்லென்று எடுத்தாள்.

"அப்படியேவா ஊத்தப் போறீங்க? எந்த மடையன்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தான்?"

"உங்க கம்பெனிதான் சார். 'தகுந்த குளிர்ச்சி'ன்னு போட்டிருக்கு."

"குளிர்ச்சி கடைசியிலம்மா! ஊத்துறப்ப ரெண்டும் ஒரே சூட்டுல இருக்கணும், கை பொறுக்கிற சூடு! இதுகூடத் தெரியாம கலவைக்கு வந்துட்டீங்க!"

"திட்டுங்க சார். நல்லாத் திட்டுங்க," என்றாள் அக்கா. முகத்தை மட்டும் அப்பாவியாக வைத்துக்கொண்டாள்.

4

இந்த நிபுணர் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஏன் சொல்கிறார்? முதல் பிரதியில் அவருக்கு ஒரு மனசாட்சி வைத்திருந்தேன். ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தார். வெட்டி எறிந்துவிட்டேன். அவர் தியாகியும் இல்லை, புரட்சிக்காரரும் இல்லை. தொழில்காரர். தன் வேலையை இன்னொருவர் கண்ணெதிரே சொதப்பும்போது தொழில்காரனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அந்த வியாதிக்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் முதலில் வாங்கப்போவது அந்தக் கம்பெனிதான்.

வக்கீல் ஒலியை அணைத்தார்.

அணைத்தால் என்ன? முகம் இருக்கிறதே! அக்கா கலக்கும் விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். நிபுணர் தலையில் அடித்துக்கொண்டார். குறைத்தாள். மறுபடி அடித்துக்கொண்டார். இன்னும் குறைத்தாள். உதட்டைப் பிதுக்கினார். இன்னும் கொஞ்சம். கண்ணை மூடி, பாட்டுக் கேட்கிறவர்போலத் தலையை ஆட்டினார். அக்கா அந்த வேகத்தைப் பலகையில் எழுதினாள்.

"முக பாவனையும் கம்பெனி சொத்து சார்!" என்று வக்கீல் கத்தியிருக்க வேண்டும். ஒலியை அணைத்தது அவரேதான், அதனால் யாருக்கும் கேட்கவில்லை.

அக்கா ஊற்றினாள். ஓரமாக, சுவரோடு ஒட்டி, கை பொறுக்கும் சூட்டில், நூலிழைபோல. முதலாளி மடிக்கணினியைக் கலத்துக்குப் பக்கத்தில் நீட்டினார். திரையில் நிபுணர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கலத்தில் சின்னதாக ஒரு கலங்கல். போச்சு, என்று நினைத்தேன். (எழுதுகிறவனே இப்படி நினைக்கலாமா என்றால், நினைத்தேன்.) கலங்கல் சுழன்றது, மெலிந்தது, காணாமல் போனது. கலத்துக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த 'கை கழுவவும்' என்ற எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

"அக்கா! திரியலக்கா!" என்று கத்தினார் முதலாளி. மடிக்கணினி கீழே விழுந்தது. அதோடு அந்தத் தேசத்துடன் நம் தொடர்பு முடிந்தது.

5

இனி முடிவு. கைவசம் சில வைத்திருக்கிறேன்.

டிரைவர் குணமாகி முதல் நடை பஸ் எடுக்கிறார், பயணிகள் எழுந்து கைதட்டுகிறார்கள். (சிறப்பிதழ் கேட்டால் இதைக் கொடுப்பேன்.)

நிபுணரின் வேலை போகிறது. அவருக்கு அலறல் பயிற்சி நிலையம் வைத்துக் கொடுக்க முதலாளி…

[இதைத் தொடர முடியவில்லை. போன் மறுபடி அடிக்கிறது, ஆஸ்பத்திரி எண். என் விளையாட்டுக்கு அங்கே நேரமில்லை.]

அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கூடம் மருந்தைப் பரிசோதித்துச் சரி என்று சொல்லிவிட்டது. டிரைவர் இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். வார்டு வாசலில் நர்ஸ் கையை நீட்டி நிற்கிறாள். அக்கா தன் பங்கை முடித்துவிட்டாள். மிச்சம் உங்களுடையது, வாசகரே. உரிமையைத்தான் முதல் வரியிலேயே கொடுத்துவிட்டேனே. மருந்தைக் குப்பியில் ஊற்றுங்கள், மூடியைப் போட்டு அழுத்துங்கள், ஓடுங்கள்.

மூடிக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறது.