இரண்டு கோதுகள் தட்டையாக இருந்தன

பிஸ்டல் கிளப்பில் மகேந்திரராஜாவுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அது அவர் சுடுகிற குறிக்காக வந்த மதிப்பல்ல. குறி அவருக்குச் சுமார்தான். சிட்னியின் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டராக இருந்தார். கடைசல் இயந்திரத்திலிருந்து வருகிற உருப்படிகளை அளந்து பார்ப்பதும், மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவதும்தான் வேலை. அந்தக் கை நிரப்பிய தோட்டா என்றால் அச்சமில்லாமல் சுடலாம் என்று கிளப்பில் வெள்ளைக்காரர்களே சொல்வார்கள்.

அப்படி நம்பியவர்களில் முதல் ஆள் சடகோபன். மெட்ராஸ்காரர், ரயில்வேயில் வரைபடம் போடுகிறவர். எழுபத்துமூன்றில் சிட்னிக்கு வந்த இரண்டாம் மாதம், பிளாக்டவுன் ஸ்டேஷனில் மகேந்திரராஜா தன் மனைவி யோகாவோடு தமிழில் கதைத்துக்கொண்டு நின்றதைக் கேட்டு, ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டவர். பிறகு இரண்டு குடும்பமும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டது. பிஸ்டல் கிளப்பில் சேர்ந்ததும் இருவரும் ஒரே நாளில்தான். சடகோபனுக்குக் குறி இயல்பாக வந்தது. ஆனால் தோட்டா நிரப்புகிற வேலைக்குப் பொறுமை இல்லை. அதனால் சனிக்கிழமைப் போட்டிகளுக்கு இரண்டு பேருக்கும் மகேந்திரராஜாவே தன் கராஜில் நிரப்பினார். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளைத் துடைத்து, அடியில் தீப்பொறி தருகிற புதுப் பிரைமர் வைத்து, வெடிமருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை மேலே அழுத்துவார்.

எழுபத்தேழாம் ஆண்டு அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். பழைய கல்லுடைக்கிற குழிக்குள் இருந்தது சுடுதிடல். காலை முதல் சுற்றில் சடகோபனின் ரிவால்வரிலிருந்து ஒரு வெடி மெலிந்து கேட்டது. இருமல் மாதிரி. குண்டு குறி அட்டையின் அடியில் பட்டது. மகேந்திரராஜா உடனே கையைக் காட்டி நிறுத்தச் சொல்லி, துப்பாக்கிக் குழாய்க்குள் ஈயம் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தார். குழாய் சுத்தமாக இருந்தது.

"எங்கயோ மருந்து கொஞ்சம் குறைஞ்சு போச்சுது. பறவாயில்லை, சுடுங்கோ," என்றார்.

இரண்டாம் சுற்று முடிந்ததும் சடகோபன் கோதுகளைத் தள்ளி எடுக்கத் திணறினார். உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிய பிறகுதான் அவை வெளியே விழுந்தன.

"என்ன மகேன், இன்னிக்கு ரொம்ப இறுக்கமா இருக்கு? ரெண்டு ஷாட் கையை ஓங்கி உதைச்சுது."

மகேந்திரராஜா அந்த ஐந்து கோதுகளையும் வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். கோதின் அடியில் நடுவே இருக்கிற பிரைமரில், ஊசி அடித்த குழியைச் சுற்றி விளிம்பு உருண்டையாக இருக்க வேண்டும். போட்டிக்கென்று மருந்தைக் குறைத்து நிரப்புகிற தோட்டாவில் அது அநேகமாகப் புதிதாக வைத்தது போலவே இருக்கும். மூன்று அப்படித்தான் இருந்தன. இரண்டு இல்லை. அந்த இரண்டிலும் விளிம்பு சப்பையாகிப் பக்கத்துப் பித்தளையோடு ஒட்டிப்போயிருந்தது. ஊசி அடித்த குழியைச் சுற்றி மெல்லிய வரம்பு ஒன்று எழும்பியிருந்தது. உள்ளே அழுத்தம் கூடிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் தேவையில்லை. இதை அவரே எத்தனையோ பேருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு நிமிடம் யோசித்தார். போன கிழமை வாங்கியது புது வகைப் பிரைமர். சில வகை மென்மையான உலோகம், சாதாரண அழுத்தத்துக்கே தட்டையாகும். அதுவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் ஐந்தும் தட்டையாகியிருக்க வேண்டுமே என்ற கேள்வி அவர் மனதில் எழுந்தது. எழுந்ததை அவர் பிறகு யாரிடமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் திடல் காப்டன் ரொன் மூன்றாம் சுற்றுக்கு மணி அடித்துவிட்டார். சடகோபன் அன்றைக்கு முன்னணியில் நின்றார். மகேந்திரராஜா பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

"புதுப் பிரைமர், கொஞ்சம் சொஃப்ட். வீட்டை போய்ப் பாப்பம்," என்றார்.

"நீங்க சொன்னா சரிதான்," என்று சடகோபன் சிரித்துக்கொண்டே தோட்டாக்களை எண்ணாமல் அள்ளினார். ஐந்தை உள்ளே போட்டு, ஒன்றைத் திருப்பி வைத்தார்.

மூன்றாவது வெடி வெடியாகக் கேட்கவில்லை. தகரக் கொட்டகை இடிந்து விழுந்தது போல இருந்தது. அடுத்த தடுப்பில் நின்ற மகேந்திரராஜாவின் கன்னத்தில் சூடான காற்று அடித்தது. திரும்பிப் பார்த்தார். சடகோபன் கையை நீட்டியபடியே நின்றார். கையில் ரிவால்வர் இருந்தது. ஆனால் அதன் மேல்பாகம் ஒரு கதவு மாதிரி மேல்நோக்கி மடிந்திருந்தது. தோட்டாக்கள் இருக்கிற உருளையில் பாதியைக் காணவில்லை. சடகோபன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ தன் கையில் தவறான பொருளைத் தந்துவிட்ட மாதிரி. பிறகுதான் இரத்தம் முழங்கை வழியாக இறங்கியது.

"மகேன், என் கட்டை விரல் எங்க?" என்று கேட்டார். சாதாரணக் குரலில்தான் கேட்டார்.

மகேந்திரராஜா குனிந்து நிலத்தில் தேடினார். ரொன் தன் சட்டையைக் கழற்றிக் கையைச் சுற்றிக் கட்டியதும், யாரோ காரைக் கொண்டுவந்ததும், சடகோபனின் மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் நட்சத்திரமாக வெடித்திருந்ததும் அவருக்குத் துண்டு துண்டாக நினைவில் நின்றன. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். கட்டை விரல் முழுதும் போகவில்லை. மேல் மூட்டு போய்விட்டது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மகேந்திரராஜா கராஜைத் திறந்தார். திடலிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் முப்பத்தொரு தோட்டாக்கள் மீதியிருந்தன. ஒவ்வொன்றாக ஈயக் குண்டைக் கழற்றி, உள்ளே இருந்த மருந்தைத் தராசில் கொட்டினார். முதல் எட்டும் சரியாக இருந்தன. ஒன்பதாவதில் பாதிதான் இருந்தது. பத்தாவதிலும் குறைவு. பதினோராவதில் ஒன்றரை மடங்கு இருந்தது. அவர் தராசைத் துடைத்துவிட்டு மறுபடியும் கொட்டினார். மறுபடியும் ஒன்றரை மடங்கு.

அளவைக் கருவி எப்படித் தவறும்? அது கைப்பிடியை இழுத்தால் ஒரே அளவு மருந்தைக் கொட்டுகிற சின்னப் பித்தளைக் கருவி. ஒவ்வொரு முறையும் நிரப்பத் தொடங்கும்போது முதல் பத்தைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். இந்த முறையும் பார்த்தார். பத்தும் ஊசி முனை பிசகாமல் நின்றன. அதன்பிறகு கோதுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்க்காமலே குண்டை அழுத்திக்கொண்டு போய்விட்டார்.

அளவையின் அடியில் இருந்த குழாயைக் கழற்றி, உள்ளே சுண்டு விரலை விட்டார். வழுக்கியது. விரலை வெளியே எடுத்தபோது நுனியில் கறுப்பாக மருந்துத் தூள் களிம்பு போல அப்பியிருந்தது.

எண்ணெய்!

வியாழன் மாலை வேலை முடிந்து வந்து, கராஜில் இருந்த எல்லாக் கருவிகளையும் துடைத்து மெசின் எண்ணெய் பூசியது அவருக்கு நினைவு வந்தது. துரு பிடிக்கக் கூடாது என்று தொழிற்சாலையில் வெள்ளிதோறும் செய்கிற வேலை. ஊரில் வேலை செய்த காலத்திலிருந்தே பதினெட்டு வருடப் பழக்கம். கை தானாகவே அளவைக் குழாய்க்குள்ளும் எண்ணெய்த் துணியை விட்டிருக்கிறது. மறுநாள் இரவு நிரப்பியபோது மருந்து அந்த ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிச் சேர்ந்திருக்கிறது. சில தோட்டாவில் குறைந்தது, பின்னால் வந்த ஏதோ ஒரு தோட்டாவில் மொத்தமாக இறங்கியது. மெலிந்த வெடியும் தட்டையான பிரைமரும் தனித்தனிச் சங்கதிகள் அல்ல. இரண்டும் சேர்ந்து ஒன்றையே சொல்லியிருந்தன. இரண்டையும் அவர் தன் கண்ணாலும் காதாலும் வாங்கியிருந்தார்.

யோகா தேநீரோடு வந்தபோது அவர் நிலத்தில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யுது உங்களுக்கு?"

"நான்தான் யோகா. துவக்கு பிழையில்லை, பிரைமரும் பிழையில்லை. நான் எண்ணெய் போட்டனான்."

அவள் விளங்காமல் விரலைப் பார்த்தாள். பிறகு விளங்கியது. தேநீரை வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் இருந்தாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் சடகோபன் தலையணையில் சாய்ந்திருந்தார். கை பெரிய பொதியாகத் தொங்கியது. மனைவி விமலா பக்கத்துக் கதிரையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

மகேந்திரராஜா வாயைத் திறக்க முன்பே சடகோபன் பேசினார். "காலைல ரொன் வந்தான். புதன்கிழமை கமிட்டி உக்காருதாம். நான் சொல்லிட்டேன், அது பழைய துப்பாக்கி, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, உருளைல விரிசல் இருந்திருக்கும்னு. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. ஏதாச்சும்னா உங்க லைசென்ஸ் போயிடும். வேலை இடத்துலயும் பேச்சு வரும்."

மகேந்திரராஜா திகைத்துப்போனார். திட்டுவார் என்று நினைத்து வந்தவர் அவர். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று எதிர்பார்த்து, அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். இதற்கு அவரிடம் தயாரிப்பு இல்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியுமே?"

"தெரியாது. ஆனா நேத்து உங்க மூஞ்சியப் பாத்தேனே."

மகேந்திரராஜா கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய், பாதி மருந்து, ஒன்றரை மடங்கு. கடைசியில் அந்த இரண்டு கோதுகளையும் சொன்னார்.

விமலா ஆரஞ்சைக் கீழே வைத்தாள்.

"பாத்தீங்களா அண்ணா? அவர் மூணாவது சுத்துக்குப் போறதுக்கு முன்னாடியே பாத்தீங்களா?"

"ஓம், பாத்தனான்."

"எண்ணெய் போட்டது தெரியாம நடந்தது. அதை விடுங்க. பாத்துட்டு எப்படி சும்மா இருந்தீங்க?"

"விமலா," என்றார் சடகோபன்.

"நீங்க சும்மா இருங்க. நான் அண்ணாவைக் கேக்கறேன்."

தன் கை பிழை விடும் என்று மகேந்திரராஜா நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அதை அந்த அறையில், அந்தக் கையின் முன்னால் சொல்ல அவருக்கு நா எழவில்லை. விமலா எழுந்து யன்னல் பக்கம் போய் நின்றாள். அவர் போகும்வரை திரும்பவில்லை.

புதன்கிழமை கமிட்டிக்கு அவர் அளவைக் குழாயைக் கழுவாமல் ஒரு கடதாசியில் சுற்றிக் கொண்டுபோனார். இரண்டு கோதுகளையும், முப்பத்தொரு நிறைகள் எழுதிய தாளையும் மேசையில் வைத்தார். துப்பாக்கியில் பிழையில்லை என்றார். ரொன் குழாய்க்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தார். "இதை நீ சொல்லியிருக்கத் தேவையில்லை, துப்பாக்கிதான் பிழை என்று சடகோபன் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டான்," என்றார் ஆங்கிலத்தில். "எனக்குத் தெரியும்," என்றார் மகேந்திரராஜா.

ஒரு வருடம் திடலில் சுடக் கூடாது, இன்னொருவருக்கென்று ஒருபோதும் தோட்டா நிரப்பக் கூடாது என்று தீர்ப்பானது. கிளப்பை விட்டு நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும். வெளியே வந்தபோது இரண்டு பேர் கைகொடுத்தார்கள், மூன்றாவது ஆள் தன் காரின் பின்பெட்டியைத் திறந்து, முன்பு அவர் நிரப்பிக் கொடுத்த பெட்டி ஒன்றைத் திருப்பித் தந்தார்.

நவம்பர், டிசம்பர் எல்லாம் விமலா வரவில்லை. யோகா தொலைபேசியில் கூப்பிட்டால் இரண்டு சொல்லோடு வைத்துவிடுவாள். சடகோபன் மட்டும் இடைக்கிடை வருவார். இடது கையால் பேனா பிடிக்கப் பழகுவதாகச் சொல்வார். ரயில்வேயில் கோடு போடுகிற மேசையிலிருந்து அவரைக் கணக்குப் பார்க்கிற மேசைக்கு மாற்றியிருந்தார்கள். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லமாட்டார், மகேந்திரராஜாவும் கேட்கமாட்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பின்னேர வெயிலில் விமலா தனியாக வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"அவர் இடது கையால சுடப் போறாராம். தோட்டாவும் தானே நிரப்பப் போறாராம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன், கேக்கலை."

மகேந்திரராஜா வாசலுக்கு இறங்கி வந்தார். "நான் கதைச்சுப் பாக்கிறன், விமலா. விடச் சொல்லுறன்."

"அதுக்கு வரலை. நீங்க அவர் பக்கத்துல நிக்கணும். சுட்ட கோதையெல்லாம் நீங்க பாக்கணும்."

தன் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியாமல் அவர் அவளைப் பார்த்தார். "என்னையா? என்னையா கேக்கிறியள்?"

"வேற யாரைக் கேக்க? அந்தத் தப்பைத் திரும்பச் செய்ய முடியாதவர் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்." அவள் குரலில் கனிவு இல்லை. "நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. மன்னிக்கலை. ஒரு கோது சரியில்லைனு தோணினா, அவர் திட்டினாலும் சரி, போட்டியே போனாலும் சரி, நிறுத்தணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நிப்பாட்டுவன்," என்றார் மகேந்திரராஜா.

அவள் தலையை ஆட்டிவிட்டு, பஸ் பிடிக்கத் தெருமுனைக்கு நடந்தாள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.