பதினேழாம் பக்கம், மூன்றாவது வரி

நிருபம் பாக்சியின் மகள் மொஹர் பதினோராம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் வேதியியலில் நாற்பத்தொன்று வாங்கினாள். உயிரியலில் நாற்பத்தாறு. வங்காளத்துக் கிருஷ்ணநகரில் இதைவிடக் குறைவாக வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் மறுவாரமே பாக்சியிடம் ட்யூஷன் சேர்ந்தார்கள். சங்கடமே அதுதான்.

பத்தொன்பது வருஷமாக அவர் அந்த இரண்டு பாடங்களையும் தன் வீட்டு முன்னறையில் சொல்லிக்கொடுத்து வந்தார். காலையில் ஒரு கூட்டம், மாலையில் இரண்டு கூட்டம், ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க. பிள்ளைகளின் செருப்பு வாசற்படியிலிருந்து தெரு வரைக்கும் கிடக்கும். தபால்காரர் அதைத் தாண்டி வர முடியாமல் கடிதங்களை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். இத்தனை பேருக்கும் புரிந்த பாடம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு மட்டும் புரியவில்லை.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. தனியாக உட்கார வைத்துச் சொல்லிப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் மொஹர், "பாபா, கத்தாத" என்பாள்.

"நான் எங்கம்மா கத்தறேன்?"

"அம்மா, பாபா கத்தறார்!"

சரி, கூட்டத்தோடு உட்காரட்டும் என்று புதன்கிழமை வகுப்பில் சேர்த்தார். அவள் அந்த வீட்டுப் பெண் என்பதால் மற்றவர்கள் தண்ணீர் கேட்டார்கள், மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார்கள், கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். நைட்ரஜன் சுழற்சி முழுவதும் அவள் எழுந்து எழுந்து போய்வந்தாள்.

"வேற எடத்துல சேத்துவிடுங்க" என்றாள் அவர் மனைவி சர்பாணி.

"நான் ஒருத்தன் இருக்கும்போது வேற எடமா? ஊர் சிரிக்கும்."

"நாப்பத்தொண்ணுக்கு மட்டும் ஊர் உக்காந்து அழுதுச்சா?"

அப்படியானால் யாரிடம் சேர்ப்பது என்று பாக்சி கேட்டார். யாரிடம் என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்குமே தெரியும். ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் தபதி சிகதார் என்று ஒருத்தி மூன்று வருஷமாக இதே இரண்டு பாடங்களுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் மருந்து கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பாக்சி அவளைப் பற்றிப் பேசும்போது பெயர் சொல்ல மாட்டார். 'ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்' என்பார்.

தபதியிடம் ஒரு விதி இருந்தது. புதிதாகச் சேரும் பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து முதல் வகுப்பு முழுவதும் உட்கார வேண்டும். விலக்கு கிடையாது. பாக்சி சர்பாணியைப் போகச் சொன்னார்.

"எனக்கு அதெல்லாம் கொரில்லா பாஷை. வெளங்குற ஆளு போங்க" என்று அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

பங்குனி வெயிலில் ஒரு குடையை முகத்துக்கு மிகவும் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பாக்சி மகளோடு ரயில்பாதையைக் கடந்தார். ஊரில் அவரைத் தெரியாதவர் குறைவு. மூன்று பேர் குடைக்குக் கீழே குனிந்து பார்த்து, "ஸார், எங்க இவ்வளவு தூரம்?" என்று விசாரித்தார்கள். மூன்று பேரிடமும் பல் டாக்டரிடம் போவதாகச் சொன்னார்.

தபதியின் அறையில் பாய் விரித்திருந்தது. பதினாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாக்சி உள்ளே நுழைந்ததும் அவர்களில் இரண்டு பேர் சடாரென்று எழுந்து நின்றார்கள். ஜிலிக், ரூப்ஸா. புதன்கிழமை தோறும் அவருடைய முன்னறையில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள். அவர் அவர்களைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். யார் யாரிடம் மாட்டிக்கொண்டது என்பது யாருக்கும் உடனே விளங்கவில்லை.

"ஸார்..." என்றாள் ஜிலிக்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் தபதி. "இங்க அவர் ஸார் இல்ல. மொஹரோட அப்பா. வாங்க பாக்சி பாபு, அந்தச் சுவரோரமா சாஞ்சு உக்காருங்க. முதுகுவலி இருந்தா தலகாணி தரேன்."

"பரவாயில்ல" என்று அவர் கடைசியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

அன்றைய பாடம் வேதிச் சமநிலை. தபதி கையில் ஒரு விடைத்தாள் கட்டு வைத்திருந்தாள்.

"போன வாரப் பரீட்சையில ஒரு கேள்வி. சமநிலையில இருக்கிற வாயுக்கள் நடுவுல, எதோடயும் சேராத ஒரு மந்த வாயுவை விட்டா என்ன ஆகும்? பதினோரு பேர் ஒரே வாக்கியம் எழுதியிருக்கீங்க. 'மந்த வாயு சேர்ப்பதால் சமநிலைக்கு எவ்வித மாற்றமும் நேராது.' எவ்வித-ங்கிற வார்த்தை கூட மாறல. எங்கேருந்து எடுத்தீங்கன்னு நான் கேக்கப் போறதில்ல."

பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். பாக்சியும் தரையைப் பார்த்தார். அது அவருடைய நோட்ஸ். பதினேழாம் பக்கம், மூன்றாவது வரி. முதல் வருஷம் கையால் எழுதினார். பிறகு ஜெராக்ஸ் எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்து, ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"இது பாதி சரி" என்றாள் தபதி. "இந்த ரூமைப் பாருங்க. நீங்க பதினேழு பேர். ஒருத்தரோட ஒருத்தர் ஜோடி சேர்றீங்க, சண்டை போட்டுப் பிரியறீங்க. சேர்றவங்களும் பிரியறவங்களும் ஒரே கணக்குல நடந்துக்கிட்டிருக்கு. அதுதான் சமநிலை. இப்ப ஒரு பெரியவர் உள்ள வந்து சுவரோரமா உக்காந்துட்டார். யாரோடயும் பேச மாட்டார், சேர மாட்டார். ஏதாவது மாறுமா?"

"மாறாது, திதி" என்றார்கள், அக்கா என்று அழைக்கும் வங்காளி வழக்கப்படி.

"ரூம் அதே ரூமா இருந்தா மாறாது. ஆனா அவருக்கு எடம் வேணும்னு ரூம் பெருசானா? ரப்பர் ரூம்னு வெச்சுக்குங்க. சுவர் வெளிய நகருது. நீங்க எல்லாம் தள்ளித் தள்ளிப் போயிடறீங்க. அப்ப?"

மொஹர்தான் கையைத் தூக்கினாள். வீட்டில் அவள் கை தூக்கி பாக்சி பார்த்ததில்லை.

"ஒருத்தரை ஒருத்தர் பாக்கறதே கொறைஞ்சுடும் திதி. சேர்றது கொறையும். பிரியறதுக்கு யாரும் வேண்டாமே, அது பாட்டுக்கு நடக்கும். அதனால ஜோடிங்க கொறைஞ்சு ஒத்தை ஆளுங்க ஜாஸ்தியாவாங்க."

"கொள்ளளவு மாறாட்டி மாற்றமில்ல. அழுத்தம் மாறாம கொள்ளளவு பெருகினா, மூலக்கூறு எண்ணிக்கை எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நகரும். அவ்வளவுதான். எழுதிக்குங்க" என்றாள் தபதி.

பாக்சியிடம் பேனா இருந்தது. எழுதுவதற்குக் காகிதம் இல்லை. குடைக்கம்பியைப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

வகுப்பு முடிந்ததும் தபதி வாசல் வரை வந்தாள். "உங்களைக் குத்திக்காட்டணும்னு இன்னைக்கு அந்தப் பாடத்தை எடுக்கல பாக்சி பாபு. போன வாரமே தேதி போட்டாச்சு. நீங்க வரப்போறது எனக்கு நேத்துதான் தெரியும்."

"அப்ப தெரிஞ்சும் எடுத்தீங்க."

"தேதி போட்டாச்சே" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது அவர் குடையை மறந்து மடக்கியபடியே வெயிலில் நடந்தார். ரயில்பாதை வந்ததும் மொஹர், "பாபா, அவங்க சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். பாக்சி புரிந்தது என்றார்.

வீட்டுக்கு வந்து நான்கு புத்தகங்களை எடுத்துப் பார்த்தார். நான்கும் தபதி பக்கம்தான் இருந்தன. அவற்றில் ஒன்று, அவர் கல்லூரியில் படித்தபோது அந்த இடத்தில் பென்சிலால் கோடே போட்டு வைத்திருந்த புத்தகம். மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சர்பாணி வல்லாரைக் கீரைக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அதை மட்டும் சாப்பிட்டார்.

புதன்கிழமை வகுப்பில் பதினெட்டுப் பேர். ஜிலிக்கும் ரூப்ஸாவும் முதல் வரிசையை விட்டு மூன்றாவது வரிசைக்குப் போயிருந்தார்கள்.

"பதினேழாம் பக்கம் எடுங்க" என்றார் பாக்சி. "மூணாவது வரியை அடிச்சுடுங்க."

"முழுசாவா ஸார்?"

"முழுசா."

"செவப்புப் பேனாவா, நீலமா ஸார்?"

"எதுவா இருந்தா என்ன? அது தப்பு. பத்தொன்பது வருஷமா தப்பாச் சொல்லியிருக்கேன்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. சிவப்புப் பேனா இல்லாதவர்கள் இருக்கிறவர்களிடம் இரவல் கேட்டார்கள். அவர் ரப்பர் அறையைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இந்த உதாரணம் என்னோடது இல்ல. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தபதி சிகதாரோடது" என்றார். ஜிலிக் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. கண்ணில் பட்ட பழைய மாணவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். இனிப்புக் கடை வைத்திருந்த பிஷு மோதக் சர்பாஜா எடை போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டான்.

"மந்த வாயுவா ஸார்? நான் அந்தப் பாடத்தையே விட்டுட்டேனே. கவலைப்படாதீங்க, என்னை அது ஒண்ணும் பாதிக்கல."

கண் டாக்டராக இருந்த ஒருத்தி மட்டும் யோசித்துவிட்டு, "நுழைவுத் தேர்வுல அந்தக் கேள்வி வந்துச்சு ஸார்" என்றாள்.

"என்ன எழுதினே?"

"நீங்க சொன்னதைத்தான்."

அவள் அவருடைய கண்ணைப் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி எழுதிக்கொடுத்தாள்.

பிள்ளைகளின் தாய்மார்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "தப்பாச் சொல்றேன்னு அவரே சொல்றாராமே" என்று சந்தையில் பேச்சு ஓடியது. ஏழு பேர் வகுப்பிலிருந்து நின்றுவிட்டார்கள். செருப்புக் குவியல் குறைந்தது. தபால்காரர் வாசல்வரை வந்து கடிதம் கொடுக்க ஆரம்பித்தார். பாக்சி தினமும் மீதிச் செருப்புகளை எண்ணிப் பார்த்து வருத்தப்பட்டார். அதே சமயம், இரவில் நன்றாகத் தூக்கமும் வந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று அவருக்கே புரியவில்லை.

மூன்றாவது வாரம் அந்த ஏழு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்து பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"என்ன, அங்க சேரலியா?"

"தபதி திதி எடமில்லன்னுட்டாங்க ஸார்."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல ஸார். எடமில்லன்னு மட்டும்தான்."

அவர் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

மறுவருஷம் மொஹர் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் எழுபத்தெட்டும் உயிரியலில் எழுபத்தொன்றும் வாங்கினாள். தபதியின் வீட்டுக்கு ஒரு பெட்டி இனிப்போடு போனபோது பாக்சி குடை எடுத்துக்கொள்ளவில்லை. தபதி பெட்டியை வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டாள்.

"நீயே சொல்லு" என்று பாக்சி மகளைப் பார்த்தார். அவருக்கும் தெரியாது.

"புவியியல்" என்றாள் மொஹர்.

இரண்டு ஆசிரியர்களில் யாரும் எடுக்கும் பாடம் இல்லை அது.

"அதுல எவ்வளவு?" என்றாள் தபதி.

"தொண்ணூத்து நாலு."

"அதுக்கு யார்கிட்ட ட்யூஷன் போனே?"

"யார்கிட்டயும் போகல திதி. சும்மா படிச்சேன்."

தபதி பெட்டியைத் திறந்து முதல் இனிப்பை மொஹரிடமும், இரண்டாவதைப் பாக்சியிடமும் நீட்டினாள். பாக்சி அதைக் கையில் வாங்கிக்கொண்டார். சாப்பிடாமல் வெகுநேரம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.