சப்பான் தண்ணி

இன்பராஜ் இறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகும் மல்லாங்கிணறு பொங்கல் விழா மேடையில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆள் சாயங்காலம் ஐந்தரைக்கே முடிந்துபோயிருக்க வேண்டும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆட்டம் தொடங்கியதே ஆறு மணிக்கு. அவன் மனைவி சுமதி விசிறியை நீட்டியபோது அதன் நுனியிலிருந்தும், வாளை உயர்த்தியபோது அதன் விளிம்பிலிருந்தும், குடையை விரித்தபோது ஒவ்வொரு கம்பியிலிருந்தும் தண்ணீர் நூல் நூலாக எழும்பி விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் மாலை போட ஏறிய கமிட்டிக்காரர்கள் அவனையும் கூப்பிடுவதற்காக மேடைப் பலகையைத் தூக்கினார்கள். குழாய்த் திருகில் கை வைத்து, குந்திய வாக்கிலேயே அவன் விறைத்திருந்தான். பின்னால் உயரத்தில் ஏற்றி வைத்திருந்த டிரம்மில் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் தளும்பியது.

இன்பராஜுக்குப் பரளச்சிப் பக்கம் உடைகுளம். ஜப்பானில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தான். அந்த ஊரில் நீர்வித்தைக் குழு ஒன்று இருந்தது. மேலே பட்டு உடுத்திய பெண் விசிறியோடு ஆடுவாள். கீழே இருட்டுக்குள் நாலு பேர் குந்தி, மேளத்தின் அடியைக் கேட்டுக் குழாய்களைத் திறப்பார்கள், அடைப்பார்கள். தண்ணீர் அவள் விரலிலிருந்து வருவதாகவே பார்ப்பவர்களுக்குத் தோன்றும். கீழே குந்த அங்கே ஆள் கிடைக்காததால் இன்பராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் குந்தினான். கொரோனாவுக்கு முந்தின வருடம் இடுப்பு வலியோடும், ஒரு விசிறி, ஒரு குடை, முனை மழுங்கிய வாளோடும் ஊர் திரும்பினான். சுமதிக்கு ஆட்டம் ஆறு மாதத்தில் வந்துவிட்டது. உறுமி மேளச் சத்தத்தில் அடி பிடிபடாததால் குதிகாலால் தட்டுவது என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். ஒரு தட்டு திறக்க, இரண்டு அடைக்க, மூன்று தட்டினால் ஆட்டம் முடிந்தது, மேலே வரலாம். திருச்சுழி வட்டாரத்துத் திருவிழாக்களில் மக்கள் அதைச் சப்பான் தண்ணி என்றார்கள். மல்லாங்கிணற்றில் கூட்டம் மேடையில் ஏறிவிட்டதால் சுமதி அந்த மூன்று தட்டைத் தட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் அடியில் குந்தும் மேடைப் பெட்டியை அவள் முற்றத்தில் போட்டுக் கழுவினாள். ஏறி நின்றபோது குதிகால் பட்டது. கையிலிருந்த விளக்குமாற்றின் ஈர்க்குகள் அத்தனையிலிருந்தும் தண்ணீர் வந்தது. அவள் இரண்டு தட்டு தட்டினாள், நின்றது. இறங்கி, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதாள்.

அடுத்த வருடம் ஐப்பசியில் விதைப்புக்கு மட்டும் பெய்த மழை, கார்த்திகையில் எட்டிப் பார்க்கவில்லை. கரிசல் கால் நுழையும் அளவுக்கு வெடித்தது. முற்றத்தில் தண்ணீர் வந்த கதை அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. இன்பராஜின் தம்பி மாரீஸ்வரன் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரோடு வந்து வாசலில் நின்றான்.

“மதினி, அண்ணன்தான தாராக. நம்ம காட்டுக்குத் தராம யாருக்குத் தரப்போறாக?”

டிராக்டரில் பெட்டியை ஏற்றி, வாடிய புஞ்சைகளில் காடு காடாக இறக்கினார்கள். சுமதி விடிந்ததும் ஏறி, வெயில் உச்சிக்கு வரும்வரை விசிறியைப் பிடித்தாள். மக்காச்சோளமும் உளுந்தும் கொத்தமல்லியும் நிமிர்ந்தன. ஆரம்பத்தில் கைகூப்பியவர்கள் இரண்டாவது வாரத்தில் முறை வைத்தார்கள், மூன்றாவது வாரத்தில் முறைக்காகச் சண்டை போட்டார்கள். தண்ணீரில் அவன் இடுப்புக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அடித்தது. பிறகு வெதுவெதுப்பாகவும் லேசான உப்பாகவும் வந்தது. உப்புக்குப் பயிர் தாங்குமா என்று மட்டும் ஒருவர் கேட்டார். நாற்பதாம் நாள் காலையில், மற்றவர்கள் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தபோது, பலகைக்கு அடியில் இருமல் கேட்டது. சுமதி குனிந்து காதை வைத்தாள்.

“சுமதி, இன்னும் எத்தன காடு கெடக்கு?”

“பதினோரு காடு கெடக்கு.”

மறுபடியும் இருமல் கேட்டது.

“சரி. தட்டு, தொறக்கேன்.”

அன்றைக்கு அவள் தட்டினாள். தண்ணீர் பிடித்தாள். வீட்டுக்கு வந்து, போட்ட சோற்றை மூடி வைத்தாள். உயிரோடு இருந்தபோதும் அவன் வலிக்கிறது என்று சொன்னதில்லை. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிப்பான், அவ்வளவுதான். மறுநாள் மாமியார் சந்தனம்மாளின் காட்டில் முறை. ஊரே வரப்பில் நின்றது. சுமதி ஏறி, விசிறியை மடக்கி இடுப்பில் செருகினாள்.

“மதினி, என்ன செய்றீக? இன்னும் ரெண்டு தண்ணி பாஞ்சா மல்லி கைக்கு வந்துரும்!” என்றான் மாரீஸ்வரன்.

“ஒங்க அண்ணனுக்கு இடுப்பு வலிக்கு” என்றாள் சுமதி. மூன்று முறை தட்டிவிட்டு இறங்கினாள்.

பலகை தூக்கிக்கொண்டது. இன்பராஜ் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழுந்தான். தொப்பலாக நனைந்திருந்தான்; உள்ளங்கைகள் ஊறி வெளுத்து, சுருங்கியிருந்தன. இடுப்பை நேராக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. யாரும் கிட்டே போகவில்லை. சுமதி முந்தானையைக் கொடுத்தாள். அவன் தலை துவட்டிக்கொண்டான். பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஓடிவந்த சந்தனம்மாள் இரண்டடி தள்ளி நின்றுவிட்டாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. அவன் பெட்டியை ஒரு தடவை பார்த்தான், பயிரைப் பார்த்தான். “போறேன்” என்றான். மக்காச்சோளத்துக்குள் இறங்கி நடந்தான். தோகைகள் அசைவது ஓடைக்கரை வரைக்கும் தெரிந்தது.

பதினோரு காடு மட்டுமல்ல, தண்ணீர் பாய்ந்த காடுகளும் தை முடிவதற்குள் கருகின. மாரீஸ்வரன் இரண்டு வருடம் மதினியோடு பேசவில்லை. சுமதி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லுக்குப் போகிறாள். காலை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் மில் வாசல்வரை தூங்குகிறாள். பெட்டியை யாரும் எடுத்துவரவில்லை, கரையான் தின்றுவிட்டது. விசிறி எங்கே என்று அவளும் தேடவில்லை.

சந்தனம்மாளுக்குத்தான் ஆறவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமும், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடமும் அதையே சொல்கிறாள்.

“வெளியூரு போறவன்கூட வாரேன்னுதான சொல்லிட்டுப் போவான்? பெத்தவ நிக்கேன். போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டானே!”

வந்தவர்களும் அது தப்புத்தான் என்கிறார்கள். வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றுவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்து, வாரேன் என்று எழுந்துபோகிறார்கள்.