இரு மனைக்கு ஒரு கிணறு

1

இக்கதை என் உள்ளத்தில் தானாகப் பிறக்கவில்லை; பிறர் கேட்டு எழுதத் தொடங்கினேன். சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல், முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருத்தி என் வீட்டு வாயிலில் வந்து நின்றாள்.

"பண்டிதர் மாமா, என்னை அடையாளம் தெரியுதா? டிராயிங் மாஸ்டர் மதலைமுத்து பொண்ணு, டோரதி."

தெரிந்தது. தந்தையின் நெற்றி அப்படியே இருந்தது. மதலைமுத்து மறைந்து இரண்டாண்டு ஆகிறது. அடக்கத்துக்கு நான் சென்றிருந்தேன். எல்லாருக்கும் பின்னால் நின்றேன்.

"பக்கத்து வீடு காலியா இருக்குன்னும் சாவி உங்க கையிலன்னும் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு இங்கதான் வேலை. பசங்க ரெண்டு பேரும் ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். ஜீவனஹள்ளி வீட்டுல சுவரெல்லாம் ஓதம் மாமா. சின்னவனுக்கும் என்ன மாதிரியே இளைப்பு."

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்: "எங்கப்பா அடிக்கடி சொல்லுவாரு. 'மனை குடுக்கற கமிட்டி மொத்தமும் ஒரு பக்கம், பண்டிதர் ஒருத்தர் ஒரு பக்கம். நமக்காக எழுந்து நின்னு பேசினாரு'ன்னு. என்னப்பா பேசினாருன்னா, 'அது செய்யுள், உனக்குப் புரியாது'ம்பாரு. அத எழுதிக் குடுங்க மாமா. பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரேன். வீட்டு விஷயமும் அன்னிக்கே சொல்லிடுங்க."

இன்று சனிக்கிழமை. நான் எழுந்து நின்றது மெய். செய்யுள் சொன்னதும் மெய். அவர்களுக்காக

[இவ்வாக்கியத்தை மூன்று முறை முடித்து மூன்று முறையும் அடித்துவிட்டேன். முடியாமலே கிடக்கட்டும்.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"வண்டு முரலும் பொழிலும் வாளை பாயும் தடமும் சூழ்ந்த பெங்களூர் மாநகரின்கண், கண்டோன்மெண்டு என்னும் தண்டுப் பிரதேசத்துக்கு வடகிழக்கே, செம்மண் மேட்டிலே எழுந்த புதிய குடியிருப்பின் சிறப்பை யாவரே"

நிறுத்தினேன். பதிகம் பாடிய பெரியோர் இறைவனைச் சொல்வதற்கு முன் அவன் ஊரைச் சொல்வார்கள். பாட்டின் முற்பாதி முழுதும் ஊர்தான். குருகும் குவளையும் கமுகும் கடந்துதான் சந்நிதியை அடையலாம். அது அன்பினால் நேரும் தாமதம். நான் செய்ய முயன்றதும் தாமதமே. ஊரைப் பாடிக்கொண்டே இருந்தால் அந்தக் கமிட்டிக் கூட்டத்துக்கு வந்து சேர வேண்டியதில்லை.*

* அங்கே அப்போது பொழிலும் இல்லை, தடமும் இல்லை. கற்றாழைப் புதரும் அளவைக் கற்களுமே இருந்தன.

3

இனி நடந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு. மதலைமுத்துவும் நானும் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். அவர் சித்திரம், நான் தமிழ். இருவரும் பிளாக்பள்ளியில் அடுத்தடுத்த சந்துகளில் குடியிருந்தோம். டோரதிக்கு அப்போது ஐந்து வயது. மூச்சு இழுக்கும்போது அக்குழந்தையின் கழுத்துக்குழி உள்ளே போவதை நானே பார்த்திருக்கிறேன். டாக்டர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, "காற்று உள்ள இடமாகப் பார்த்துக் குடிபோங்கள், அதுதான் மருந்து" என்றாராம்.

அந்த ஆண்டு முழுதும் ஞாயிறுதோறும் நாங்கள் இடம் தேடி நடந்தோம். அவர் மாதா கோயில் பூசை முடித்து வருவார். நான் என் பூசையை முடித்துப் புறப்படுவேன். அல்சூரில் ஏரிக்கரையைப் பார்த்தோம், கொசு. நீலசந்திராவில் மனை மலிவு, பள்ளிக்குத் தொலைவு. அவருடைய மனைவி பிரிஜெட் அம்மாளுக்குக் கோயில் மணி காதில் விழ வேண்டும். என் மனைவி கோமளத்துக்குக் குழாய்த் தண்ணீரோ நல்ல கிணறோ வேண்டும். இல்லாத இடத்தைச் சொல்லவே கூடாது. மதலைமுத்துவுக்கு ஒரே சோதனைதான். ஒவ்வொரு மனையிலும் நடுவே நின்று கைக்குட்டையை விரித்துப் பிடிப்பார். அது படபடத்தால் பையிலிருந்து தாளை எடுத்து வரைவார்; தொங்கினால் மடித்துவிடுவார்.

நான் அருகில் நின்று அந்நிலத்துக்குப் பொருந்தும் பழம்பாட்டு எதையாவது ஓதுவேன்.

"பண்டிதரே, மனை பாக்க வந்தீங்களா, அரங்கேத்தம் பண்ண வந்தீங்களா? உங்க பாட்டுல கைக்குட்டை ஆடுது, காத்துல ஆடமாட்டேங்குது" என்பார்.

அந்தச் செம்மண் மேட்டில் கைக்குட்டை கையைவிட்டே பறந்து போயிற்று. நாற்பது வயதை எட்டிய அம்மனிதர் கற்றாழைப் புதருக்குள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். "இதான், இதான்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

அக்குடியிருப்பின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இன்றும் அங்கேதான் வாழ்கிறேன்.

அங்கே மனைகளை இணை இணையாகப் பிரித்திருந்தார்கள். இரண்டு மனைக்கு ஒரு கிணறு. எல்லைக்கோட்டின் மேல் கிணறு வெட்டி, அதன் குறுக்கே மதில் எழுப்பி, பக்கத்துக்கு ஒரு ராட்டினம் போடுவது திட்டம். தண்ணீர் ஒன்று, இறைப்பவர் இருவர். ஆகவே கமிட்டி ஒரு வழக்கம் வைத்திருந்தது: இணை மனைக்காரர்களின் பெயர்களைக் கூட்டத்தில் படிப்பார்கள். ஒருவரை ஒருவர் ஏற்பதாக இருவரும் எழுந்து "சம்மதம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் போதும். அதற்குமேல் யாரும் தடை சொல்ல முடியாது. ஒருவர் சொல்லாவிட்டால் மற்றவருக்கு அந்த மனை இல்லை.

எங்கள் இருவருக்கும் விண்ணப்பம் எழுதியது நான். இரு வீடுகளுக்கும் படம் வரைந்தது அவர்.

4

கூட்டத்தைப் பற்றி முதலில் எழுதிய பகுதி:

"அப்போது கமிட்டிக் காரியதரிசி சேஷகிரி ஐயர் எழுந்து, வேற்று மதத்தாருடன் ஒரே கிணற்றில் நீர் எடுப்பது தகாது என்று ஒரு பழம்பாட்டை எடுத்து ஓதினார். சபை ஆரவாரித்தது. யான் திகைத்து நின்றேன்."

இதைக் கோமளம் வாசித்தாள். அவளுக்குத் தெரியாமல் முறத்துக்கு அடியில் மறைத்துத்தான் வைத்திருந்தேன். அரிசி புடைக்க வந்தவள் எடுத்துவிட்டாள்.

"சேஷகிரி ஐயருக்குப் பாட்டெல்லாம் எப்போ வந்துது?" என்றாள்.

"கதை என்றால் சில மாறுதல்கள் உண்டு."

"செத்துப்போனவர் வந்து சண்டை போட மாட்டார்னு அவர் தலைல வைக்கறீங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து நீங்க சொன்னது எனக்கு மறக்கல. சபையே கை தட்டிச்சு, கோமளம்னீங்க. ரெண்டாம் தரம் காபி கேட்டீங்க. நான் அப்போ கேட்டேன், டிராயிங் மாஸ்டர் மனை என்ன ஆச்சுன்னு. நீங்க டம்ளரக் கீழ வெச்சுட்டு என்னையே பாத்தீங்க."

அந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன்.

5

இரண்டாவதாக எழுதியதில் பாட்டு என் வாயிலிருந்தே வந்தது. ஆனால் நாத்தவறி வந்தது. அதுவும் கிழிந்தது. மூன்றாவது இது. இதை நான் திருத்தப்போவதில்லை.

பந்தலில் ஏறத்தாழ அறுபது பேர் இருந்தார்கள். மதலைமுத்து முன்வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சுருட்டிய படத்தைப் பிடித்திருந்தார். எங்கள் பெயர்கள் படிக்கப்பட்டதும் அவர் எழுந்து "சம்மதம்" என்றார். நானும் எழுந்தேன்.

சேஷகிரி ஐயர் மைசூர் சர்க்காரில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இனிமையாகப் பேசுவார். "ஒரு நிமிஷம், பண்டிதரே. உங்க கிணறு, உங்க இஷ்டம். நாங்க பேடா, வேண்டாம்னு சொல்லல. நாளைக்கு ஆத்துல ஒரு விசேஷம்னா தீர்த்தம் எங்கேர்ந்து எடுப்பேள்? அதையும் யோசிக்கணுமோல்லியோ? நீங்க கடல் மாதிரி படிச்சவர். இப்படிப்பட்ட விஷயத்துல பழைய நூல் என்ன சொல்றதுன்னு சபைக்குச் சொல்லுங்கோ. கேட்டு ஆனந்தப்படறோம்."

அறுபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினான்கு ஆண்டுகள் சிறுவர்களுக்குச் சீர் பிரித்துக் காட்டியவனை, சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் வாய் திறந்து கேட்கக் காத்திருந்தார்கள்.

என் நினைவில் இரண்டு பாட்டுகள் வந்தன. ஒன்று, அயலாரோடு கலந்து வாழ்வதைப் புகழ்வது. மற்றொன்று, விலகி நிற்பதைப் புகழ்வது. முதற்பாட்டின் மூன்றாமடியில் எனக்கு ஐயம் இருந்தது. நடுவில் தடுமாறுவேனோ என்று அஞ்சினேன். இரண்டாவது முழுதும் பாடம்; ஓசையும் அழகு.

இரண்டாவதை ஓதினேன்.

அப்பாட்டை இங்கே எழுத மாட்டேன். அதைப் பாடியவர் எந்தக் கிணற்றை எண்ணியும் பாடவில்லை. அந்தப் பாட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஓதும்போதே தெரிந்தது. இரண்டாமடியில் தெரிந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓசை நன்றாக எழுந்திருந்தது. நான்காமடியை இழுத்துப் பாடினேன். "ஆஹா" என்றார்கள். கைதட்டினார்கள். "பண்டிதர் தம் அபிப்பிராயத்தை அழகாகத் தெரிவித்துவிட்டார்" என்று சேஷகிரி ஐயர் எழுதிக்கொண்டார். அப்பொழுதும் "சம்மதம்" என்று நான் சொல்லியிருக்கலாம். அது உரைநடைச் சொல். ஓதத் தேவையில்லை, ஓசை தேவையில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாமடி மறந்ததுதான் காரணமா என்று வாசகர் கேட்கலாம். அப்படித்தான் இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்கே சொல்லி வந்தேன். அந்த முதற்பாட்டின் ஏட்டை அன்று மாலையே எடுத்துப் பார்த்தேன். மூன்றாமடி நான் நினைத்தபடியேதான் இருந்தது.

பந்தலுக்கு வெளியே மதலைமுத்து என்னிடம் வந்தார். "நல்லா ஓதினீங்க, பண்டிதரே" என்றார். படத்தை என் கையில் வைத்தார். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே தாள்லதான் போட்டிருக்கேன். வெச்சுக்கோங்க. கிழக்குல அந்த ஜன்னல விட்டுடாதீங்க." நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "டோரதி காத்துக்கிட்டிருப்பா" என்று போய்விட்டார்.

அந்தப் படத்தின்படியேதான் நான் வீடு கட்டினேன். பக்கத்து மனை சேஷகிரி ஐயரின் மருமகனுக்குக் கிடைத்தது. அவர் வெளியூர் போனபின் அவ்வீட்டைக் குடிக்கு விடும் பொறுப்பும் சாவியும் என்னிடம் வந்தன.

6

திங்கட்கிழமை பள்ளியில் அவர் வழக்கம்போல் பேசினார். "ஜீவனஹள்ளியில ஒரு இடம் பாத்திருக்கேன். காத்து பரவாயில்ல" என்றார். பிறகு பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தோம். என்னைக் கேலி செய்வது மட்டும் நின்றுபோயிற்று. நான் அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். வீட்டில் என்ன சொல்லியிருந்தார் என்பது செவ்வாய்க்கிழமை வரை எனக்குத் தெரியாது.

7

முடிவுக்கு வர வேண்டும். கைவசம் மூன்று உள்ளன.

முதல் முடிவு: டோரதி வருகிறாள். நான் எழுந்து நின்று முழங்கிய வீரக்கதை ஒன்றை நல்ல தாளில் எழுதித் தருகிறேன், சாவியையும் தருகிறேன். அவள் மகன் கிழக்குக் காற்றில் உறங்குகிறான். ஒவ்வொரு காலையும் மதிலுக்கு அப்பால் ராட்டினம் சுழலும். நீர் இறைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நன்றியும் சொல்லுவாள்.

இரண்டாம் முடிவு: உண்மையைச் சொல்கிறேன். தந்தையைப் போலவே அவளும் எழுந்து போய்விடுவாள். சிறுவன் ஓதம் படிந்த சுவர் அருகே மூச்சுக்குத் திணறுவான். அவள் தந்தை அவளிடம் பொய் சொன்னவர் ஆவார்.

மூன்றாம் முடிவு: முதலில் சாவியைக் கொடுத்து, அவர்கள் குடிவந்து, பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபின் மெல்லச் சொல்வது. இதை எழுதும்போதே கை கூசுகிறது. அப்போது போகவும் முடியாமல் அவள்

கோமளத்திடம் கேட்டேன். "இறந்தவர் சொல்லைப் பொய்யாக்குவது தருமமா?" என்று தொடங்கினேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தருமம் கிருமம் எல்லாம் எடுக்காதீங்க. அந்த மனுஷன் சொன்ன பொய் உங்க மானத்துக்கு. நீங்க எழுதற பொய்யும் உங்க மானத்துக்கு. அவருக்குன்னு இதுல என்ன வெச்சிருக்கீங்க?"

"சொன்னால் வீடு வேண்டாமென்று போய்விடுவாளே."

"போவாளோ இருப்பாளோ, அத அவ சொல்லட்டும். அன்னிக்கு அவ அப்பா எங்க இருக்கணும்னு நீங்க சொன்னீங்க. இன்னிக்கு அவளுக்கும் நீங்களே சொல்லப் போறீங்களா?"

அவள் கீரைத்தண்டை ஒதுக்கிவிட்டு எழுந்து போனாள்.

8

ஞாயிறு. மேசையில் இரண்டு கட்டுகள். ஒன்று, நேர்த்தியாகப் படியெடுத்த வீரக்கதை. ஆம், அதையும் எழுதி முடித்தேன், நடை நன்றாகவே வந்திருக்கிறது. மற்றொன்று இந்த அடித்தலும் திருத்தலுமான தாள்கள். கோமளம் யாரையோ "வாம்மா, உள்ள வா" என்று அழைக்கும் குரல் கேட்கிறது.

இதற்குமேல் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஆனால் வாசகரே, இத்தாள்கள் அச்சேறி உங்கள் கையில் இருக்கின்றன. அப்படியானால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். டோரதி இவற்றை வாசித்து, யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும் என்று திருப்பித் தந்திருக்கலாம். அல்லது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணியாமல் நான் வீரக்கதைத் தாள்களை அவளிடம் நீட்டிவிட்டு, என்னை ஒருநாளும் காணப்போகாத உங்களிடம் இதை ஒப்பித்திருக்கலாம். அறிமுகமற்றோர் முன் தலைகுனிவது எளிது, கழுத்து வலிக்காது.

எது என்பதை நீங்களே சொல்லுங்கள். இதுவரை என்னைப் பற்றி வாசித்ததை வைத்துச் சொல்லுங்கள்.