கழுவிய தௌராத்

ரைதா தன் கணவன் யாமீனின் தாடையைத் துணியால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். உயிர் போன உடலின் சூடு ஆறவில்லை, அதற்குள் வாசலில் சச்சரவு. "நான் தொழ வைக்க மாட்டேன்" என்று அபூ ஸுலைம் கத்துவது ஓலைச் சுவரைத் தாண்டிக் கேட்டது. கூஃபாவின் அந்தத் தெருவில் ஐந்து வேளைத் தொழுகையையும் இறந்தவர்களுக்கான தொழுகையையும் அவர்தான் நடத்துகிறவர்.

மகன் ஹுபைஷ் உள்ளே வந்தான்.

"உம்மா, அந்தத் தோல் சுருள் எங்க? யூத வேதம் தௌராத்த மடியில வச்சுக்கிட்டு வாப்பா யூதனாவே மௌத்தாயிட்டாருன்னு பேசுறாங்க."

"அஞ்சு வேளையும் முதல் வரிசையில நின்னவரையா? மூசா நபி கதை சொல்லுன்னு இதே அபூ ஸுலைம் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்த திண்டு இன்னும் கெடக்கு பாரு."

"அது அந்தக் காலம். இப்ப யாரு கேக்குறா? தொழாம பொதைக்கச் சொல்றியா?"

விடியலில் யாமீன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நான் போனதும் இத என்கூடயே பொதைச்சிரு" என்றிருந்தான். அவளும் தலையாட்டிவிட்டாள். யமனில் தகப்பன் கையிலிருந்து வாங்கிய சுருள் அது. இஸ்லாத்துக்கு வந்தபோது ஊரை விட்டான், உறவை விட்டான். அதை மட்டும் விடவில்லை.

முக்காட்டை இழுத்துக்கொண்டு, சுருளோடு முற்றத்துக்கு வந்தாள்.

"எரிச்சிரவா?" என்றான் ஹுபைஷ்.

"எரிக்கப்படாது. அல்லா சொன்னது அதுல இருக்கும்" என்றார் அபூ ஸுலைம்.

"அப்ப அவர்கூட கபருல வச்சிரலாம்ல?" என்றாள் ரைதா.

"நல்லாக் கேட்ட போ! மனுசன் கை வச்சு மாத்துனதும் அதுல இருக்குமே. எது எதுன்னு யாரு கண்டா? நம்பவும் முடியல, பொய்யுன்னு தள்ளவும் முடியல. கழுவிரு. எழுத்து போனா வெறும் தோலு. நான் தொழ வைக்கிறேன்."

செப்புத் தாம்பாளத்தில் தண்ணீர் வந்தது. ரைதா சுருளை விரித்துத் தேய்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் வரி வரியாக மை கரைந்து ஓடுவதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எங்கோ ஓரிடத்தில் எழுத்து விடாமல் ஒட்டிக்கொண்டது. அழுத்தித் தேய்த்தாள்.

"மெதுவா" என்றார் அபூ ஸுலைம். சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோல் வெளுத்ததும் ஹுபைஷ் கறுத்த தண்ணீரைத் தெருவுக்குத் தூக்கினான்.

"ஏய், நில்லு! அங்கயா ஊத்துற? கால் படும்டா!"

"அப்ப எங்க ஊத்த?"

அவர் பேரீச்ச மரத்தடியைப் பார்த்தார். அங்கே ஆடுகள் நின்றன.

"மிதிபடாத எடமாப் பாரு" என்று முணுமுணுத்துவிட்டு, ஆட்களைக் கூட்டப் போனார். சட்டம் சொல்வதில் அவரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீர் எங்கே போகும் என்பதைத்தான் அவர் யோசித்திருக்கவில்லை.

"குடு இங்க" என்று ரைதா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். "நீ போயி வாப்பாவத் தூக்கக் கட்டில் கொண்டா."

கணவனைக் குளிப்பாட்டும் உரிமை அவளுடையது. உடலைக் கிடத்திய பலகையைச் சுற்றித் திரையை இறக்கினாள். இலந்தை இலை போட்ட தண்ணீரால் முறைப்படி கழுவினாள். கற்பூரத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. பிறகு கறுத்த தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி அவன் நெற்றியில் விட்டாள், நெஞ்சில் விட்டாள், கைகளில் விட்டாள். நரைத்த தாடி கறுத்தது. யமனிலிருந்து வந்து இறங்கிய அந்த இளைஞன் ஒரு கணம் அவள் முன்னால் கிடந்தான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பலகைக்கடியில் தோண்டிய குழி வழிந்ததைக் குடித்தது.

கஃபன் துணியைச் சுற்றி முடிச்சிட்டபோது ஹுபைஷ் கட்டிலோடு வந்தான். தந்தையைத் தூக்கிக் கிடத்தினான்.

"தண்ணிய என்ன பண்ணுன?"

"ஊத்திட்டேன்."

வெள்ளைத் துணியில் நெஞ்சுக்கு நேராகச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். தாயின் மை படிந்த விரல்களைப் பார்த்தான். வெளியே அபூ ஸுலைம், "ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்.

ஹுபைஷ் தன் தோளிலிருந்த போர்வையை எடுத்து உதறி, தந்தையின் மேல் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினான்.

"ஆச்சு. வந்து தூக்குங்க."