முப்பத்தாறாவது படம்

1

இந்தக் கதைக்குக் காரணம், என் கைப்பையில் கிடக்கும் ஒரு பிலிம் ரோல். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். மூன்று முறை தொடங்கிப் பார்த்தேன்.

'மாமல்லபுரத்துக் கடல் அன்று பொன்னாக' — அன்று கடல் சேற்று நிறத்தில்தான் இருந்தது.

'காதலர் இருவர் கரையோரம்' — காதலரா என்று எனக்குத் தெரியாது.

'என் அண்ணன் ஆல்வின் செங்கல்பட்டில் கல்யாணப் போட்டோ எடுப்பவன். நான் அவனுக்குத் தட்டு பிடிப்பவள்.'* இதில் பொய் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

* தட்டு என்பது வெயிலை முகத்தின்மேல் திருப்பிவிடும் வெள்ளித்துணி வட்டம். தோள் கழன்றுபோகும், ஆனால் பேச வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. பத்தாவதோடு நின்றது அதனால்தான்.

2

கல்யாணத்துக்கு முன்னால் கடற்கரையில் படம் எடுத்துக்கொள்பவர்கள் இப்போது பிலிம் கேமராவும் வேண்டும் என்கிறார்கள். அந்த நிறம் பிடிக்கிறதாம். அண்ணன் இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொள்வான். டிஜிட்டலில் யோசிக்காமல் நூறு தட்டுவான். பிலிமில் ஒரு ரோலுக்கு முப்பத்தாறுதான். ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடிப்பான். டிஜிட்டலில் எடுத்ததும் பார்க்கலாம், பிடிக்காததை அழிக்கலாம். பிலிமில் கழுவும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

[பிலிம் உண்மை பேசும், டிஜிட்டல் — இந்த வரியை விட்டுவிட்டேன். அண்ணன் விரல் அமுக்கும் நேரத்தில்தான் இரண்டும் பார்க்கின்றன. மீதி நேரமெல்லாம் பார்ப்பது நான். அலுப்பாக இருக்கிறது.]

3

பெண்ணுக்கு சுஷ்மிதா என்று பெயர் வைப்போம், பையனுக்கு விஷால். அவள் கல்பாக்கம், அவன் கூடுவாஞ்சேரி. கல்யாணம் வருகிற வெள்ளிக்கிழமை.

விஷாலை நல்லவனாக எழுதிப் பார்த்தேன். எனக்கும் ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் ஓடிவந்து திரையைப் பார்த்தான். அவள் சிரிக்காததையெல்லாம் அழிக்கச் சொன்னான். மாலையில் டிஜிட்டலில் மிஞ்சிய எல்லாப் படங்களிலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிலிமில் கடைசிப் படம்.

"இன்னா புள்ள, தட்ட நல்லா தூக்கு. சூரியன் வூட்டுக்குப் போய்கினு கீது" என்றான் அண்ணன்.

தூக்கினேன். நான் திருப்பிய வெளிச்சத்தில், விஷால் அவள் மணிக்கட்டை முறுக்குவது தெரிந்தது.

"சிரிடி. கல்யாணம் ஆவட்டும், ஒனக்கு இருக்கு." மெதுவாகத்தான் சொன்னான். ஒரு வளையல் உடைந்தது. அண்ணன் அவர்கள் முகத்தை மட்டும் பார்த்தபடி அமுக்கினான்.

விஷால் ஓடிவந்து கேமராவின் முதுகைப் பார்த்தான். அங்கே கறுப்பு மூடிதான் இருந்தது.

"காட்டுங்க ப்ரோ."

"இதுல இன்னாத்த காட்டறது அண்ணாத்த? கழுவுனாதான் தெரியும்."

சுஷ்மிதா வளையல் துண்டைப் பொறுக்குவதுபோல் என் பக்கம் குனிந்தாள். "இத அழிக்க முடியாதா?"

"முடியாது" என்றேன். அன்று நான் பேசிய ஒரே வார்த்தை அது.

4

அழிய வேண்டும் என்று கேட்டாளா, அழியக் கூடாது என்று கேட்டாளா? இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. அதனால் முடிவும் ஒன்றாக நிற்கவில்லை.

அண்ணன் சொன்னபடி ரோலைக் கூரியரில் போடலாம். கழுவி வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடும்.

பிலிமை வெளியே இழுத்து வெளிச்சம் காட்டலாம். முப்பத்தாறும் போய்விடும்.

அவள் அம்மாவிடம் போய் நான் கண்டதைச் [முடியாது. குரல் வராது.]

இன்னொன்று. அந்தப் படத்தில் அவன் கை விழுந்திருக்கிறதா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. முகம் மட்டும் விழுந்திருந்தால், அதிலும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

5

கல்பாக்கம் பேருந்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கோணல் எழுத்துக்கு ரோடுதான் காரணம்.

வேறு யாருக்கோ சொல்லும் கதை என்று நினைத்துப் படித்தீர்களா, அக்கா? உங்களுக்குத்தான். காகிதம் வேறு கையில் சிக்கினால் என்ற பயத்தில் உங்கள் இருவர் பெயரையும் மாற்றினேன்.

ரோலை இந்தக் காகிதத்துக்குள் சுற்றியிருக்கிறேன். நேரில் கொடுத்து அவசரம் என்றால் சென்னையில் ஒரே நாளில் கழுவித் தருவார்கள். கடை முகவரி பின்பக்கம். வேண்டாமென்றால் வெயிலில் இழுத்துவிடுங்கள். அன்று முடியாது என்றேனே, அது முழுக்கச் சரியில்லை. அண்ணனிடம் தொலைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். அவன் திட்டு எனக்குப் பழக்கம்.

உங்கள் கைமேல் வெளிச்சம் பிடித்தவள் நான். அதனால் இவ்வளவு தூரம் வந்தேன். மூன்றாவது முடிவை இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை.

நிறுத்தம் வந்துவிட்டது. கதவை நீங்கள் திறந்தால் இதை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். உங்கள் அம்மா திறந்தால்